அப்பாவின் ஃபியட்: மாற்றியதும் மாற்றாததும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



எங்களைப் பேசக் கேட்டபோது, வழமைபோல நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ பேசுவோம் என்று சங்கத்தார் எதிர்பார்த்திருப்பார்கள். எங்களில் ஒருத்தி வைத்தியர், மற்றவள் கணித ஆசிரியை. அக்கா தங்கையான நாங்கள் இருவரும் இதே மண்டபத்தில்தான் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் நின்றோம். இன்று நாங்கள் பேச வந்திருப்பது ஒரு பழைய காரைப் பற்றி. ரம்புக்கனையில், எங்கள் வீட்டுப் பலா மரத்தடிக் கொட்டிலில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்த அப்பாவின் ஃபியட் 1100 ஐ நாங்கள் வீட்டிலேயே பிரித்து, திருத்தி, மறுபடி ஓட வைத்த கதை இது.

முதலில் அந்தக் காரின் பூர்வீகம். இத்தாலியின் டுரின் நகரத்து ஃபியட் நிறுவனத்துக்காக டான்டே ஜியாகோசா என்ற பொறியியலாளர் 1937இல் உருவாக்கிய 1089 கனசென்ரிமீற்றர் எஞ்சின்தான் இதன் இதயம். நான்கு சிலிண்டர் கொண்ட எளிய எஞ்சின். ஆனால் அதன் வம்சம் பெரியது. என்ஸோ ஃபெராரி தன் பெயரைப் போட முடியாமல் 1940இல் கட்டிய முதல் பந்தயக் காரின் எட்டு சிலிண்டர் எஞ்சின், இந்த 1100இன் உறுப்புகளைக் கொண்டு உருவானதுதான். போருக்குப் பின் வந்த சிசிடாலியா 202 என்ற அழகான விளையாட்டுக் காருக்குள்ளும் இதே எஞ்சின்தான் இருந்தது. அந்தக் காரை நியூயோர்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1951இல் ஒரு சிற்பம்போலக் காட்சிக்கு வைத்தது. எங்கள் கொட்டிலில் கிடந்தது குடும்பக் கார்தான். என்றாலும் அதற்கு அப்படிப்பட்ட சொந்தக்காரர்கள் உண்டு.

எங்களுடையது 1958ஆம் ஆண்டு வண்டி. முன் கதவுகள் இக்காலக் கார்களுக்கு மாறாகப் பின்பக்கம் கீல் வைத்து முன்னிருந்து திறக்கும். சேலை உடுத்து ஏறி இறங்க இதைப்போல ஒரு கார் வரவில்லை என்று அம்மா இன்றும் சொல்வார். கியர், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு தண்டில். இலக்கத் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்து. அந்த எழுத்தை வைத்து நாடு எவ்வளவு சண்டை பிடித்தது, 1958 எப்படி முடிந்தது என்பதை மூத்த அக்காமாருக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

எங்கள் அப்பா றப்பர் தோட்டத்தில் டிஸ்பென்சராக இருந்தவர். 1976இல் இந்தக் காரை மூன்றாம் கையாகவோ நான்காம் கையாகவோ வாங்கினார். அந்நியச் செலாவணி இல்லாததால் 1960களின் தொடக்கத்திலிருந்து 1977 வரை கார் இறக்குமதி இறுகிக் கிடந்த காலம் அது. இருக்கிற வண்டியைத் திருத்தித் திருத்தியே ஓட்ட வேண்டும். ராத்திரி லயத்திலிருந்து ஆள் ஓடி வரும். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு, பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணைப் பின் ஆசனத்தில் படுக்க வைத்து, கேகாலை ஆஸ்பத்திரிக்கு விடுவார். தமிழ்ப் பெண்ணும் போயிருக்கிறாள், பக்கத்துக் கிராமத்துச் சிங்களப் பெண்ணும் போயிருக்கிறாள். தகட்டில் இருந்த எழுத்தை அவசரத்தில் எவரும் பார்க்கவில்லை.

ஆனால் அந்தக் காரின் பொனற்றை அப்பா திறக்கும்போது பக்கத்தில் நிற்க எங்கள் தம்பிக்குத்தான் அனுமதி. "பொம்பிளைப் பிள்ளைகளுக்கு இது எதற்கு, கை பழுதாகிவிடும், போய்ப் படியுங்கள்" என்பார். நாங்களும் போய்ப் படித்தோம். தம்பி வெளிநாடு போனான். கார் 1996இல் நின்றது. அப்பா 2018இல் காலமானார். வீட்டைத் துப்புரவாக்கும்போது பழைய இரும்புக்காரர் வந்து விலை பேசினார். அம்மா பேசாமல் உள்ளே போய்விட்டார். அந்த மௌனம்தான் எங்களை ஸ்பெனரைத் தூக்க வைத்தது.

ஊரில் ஒரு வயதான பாஸ் இருந்தார். சிங்களவர், அப்பா காலத்திலேயே இந்த வண்டியில் கை வைத்தவர். "வேலையை நீங்கள் செய்ய வேண்டாம் பாஸ், எங்களுக்குச் சொல்லித் தாருங்கள்" என்றோம். சிரித்தார். "டொக்டர் மிஸ்ஸும் டீச்சரும் கிறீஸில் கை வைப்பீர்களா?" என்றார். வைத்தோம். 2019 டிசம்பரில் தொடங்கினோம். சனி, ஞாயிறுதான் வேலை. கழற்றிய ஒவ்வொரு நட்டையும் போல்ற்றையும் மருந்து கட்டிக் கொடுக்கும் சிறிய கடதாசி உறையில் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதினோம். அப்படி நானூறு உறைக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பழக்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டியது இந்தப் பாடசாலையின் விஞ்ஞான கூடத்துக்குத்தான்.

எஞ்சின் இறுகிப் போயிருந்தது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஒயிலும் கலந்து நான்கு சிலிண்டருக்குள்ளும் ஊற்றச் சொன்னார் பாஸ். தினமும் கிராங்க் புலியின் நட்டில் ஸ்பெனரைப் போட்டு மெதுவாக அழுத்திப் பார்க்க வேண்டும், பலவந்தம் கூடாது. பன்னிரண்டாம் நாள் ஒரு விரல் அளவு அசைந்தது. ஒரு நோயாளி கண் விழித்ததுபோல நாங்கள் இருவரும் கத்தினோம். பிறகு ஹெட்டைக் கழற்றி, வால்வுகளை அரைத்து இருத்தி, பிஸ்ரன் ரிங்குகளை மாற்றினோம். சில சாமான்கள் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைத்தன. சில சென்னை புதுப்பேட்டையிலிருந்து உறவினர் கைப்பையில் வந்தன. இந்தியாவில் இந்த 1100இன் வழிவந்த பிரீமியர் பத்மினி ஏறத்தாழ 2000 வரை உற்பத்தியானது. பம்பாய் வீதிகளில் அது 2023 ஒக்டோபர் வரை டாக்சியாக ஓடியது. அதனால்தான் எங்களுக்கு அந்த வழி திறந்திருந்தது.

உடல் வேலை அதைவிடக் கடினம். இந்தக் காருக்கு லொறிக்கு இருப்பதுபோல் தனிச் சட்டம் கிடையாது. தகர உடலே எலும்பும். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதி துருப்பிடித்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும். அதை வெட்டு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாக வெல்டிங் பிடிக்க வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கதவு ஒருபோதும் பூட்டாது. அந்த வெல்டிங்கைப் பாஸ் செய்தார். அளவெல்லாம் கணித ஆசிரியை எடுத்தார்.

ஒரு விடயத்தில் மட்டும் நாங்கள் பாஸுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பிறேக் டிரம்மைத் திறந்து உள்ளே இருந்த தூசியை வாயால் ஊதப் போனார். பழைய பிறேக் லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் இருபது, முப்பது வருடம் கழித்துக்கூட நோயாக, புற்றுநோயாக வரலாம். "ஐம்பது வருடமாக ஊதுகிறேன், கமக் நே மிஸ்" என்றார். நாங்கள் எதுவும் சொல்லாமல் அவருக்கு ஒரு மார்பு எக்ஸ்ரே எடுக்க ஏற்பாடு செய்தோம். நல்லவேளை, பயப்பட ஏதும் இல்லை. அடுத்த சனிக்கிழமை ஈரத்துணியோடு வந்தார். தங்கைகளே, வீட்டில் யாராவது பழைய வண்டியில் வேலை செய்தால் இதைச் சொல்லுங்கள்: ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள், பழைய பெயின்றையும் நனைத்தே தேயுங்கள், அதில் ஈயம் இருக்கலாம்.

2022 ஏப்ரலில் எஞ்சின் ஸ்டார்ட் செய்யத் தயாராக இருந்தது. அதற்கென்று ஐந்து லீற்றர் பெற்றோல் கானில் வைத்திருந்தோம். நாடு முழுவதும் எரிபொருள் வரிசை. ஏப்ரல் 19ஆம் திகதி எங்கள் ஊரில் ரயில் கடவையை மறித்து எரிபொருளுக்காகப் போராடிய மக்கள் மீது பொலிஸார் சுட்டார்கள். ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமடைந்தார்கள். செய்தியில் நீங்கள் கேட்ட ரம்புக்கனை, நாங்கள் மரக்கறி வாங்கப் போகும் ரம்புக்கனை. அன்றிரவு எங்களுக்கு அந்தக் கானைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அயல்வீட்டு ஆட்டோக்காரரின் தாயாருக்கு வாரத்தில் இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்பு. கானை அங்கே கொடுத்துவிட்டு, கொட்டிலுக்குப் பூட்டுப் போட்டோம். ஒரு வருடம் திறக்கவில்லை. அப்பா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார் என்று அம்மா சொன்னார்.

மறுபடி திறந்தபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. எதை மாற்றுவது, எதை விடுவது? எல்லாவற்றையும் புதிதாக்கி விற்றால் நல்ல விலை வரும் என்றார்கள். வாகன இறக்குமதி 2020இலிருந்து நின்றிருந்ததால் பழைய கார்களின் விலை ஏறிக் கிடந்தது. கடைசியில் ஒரு விதி வகுத்தோம். உயிரைக் காப்பது எதுவோ அதைத் தயங்காமல் புதிதாகப் போடு. நினைவைக் காப்பது எதுவோ அதில் கை வைக்காதே.

விதி இலகு, கடைப்பிடிப்பது கஷ்டம். முன் சில்லுத் தாங்கியில் ஒரு றப்பர் புஷ் இருந்தது. பாஸ் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மௌனமானார். இறக்குமதி இல்லாத நாட்களில் அவருடைய குரு, தோட்டத்து றப்பரில் அச்சு வைத்து வார்த்தது அது. டுரினிலிருந்து வந்த காருக்கு எங்கள் மண்ணின் பால்! அதை வைத்துக்கொள்ளத்தான் மனம் கேட்டது. ஆனால் வெடித்திருந்தது. வளைவில் அது விட்டுப் போனால் உயிர் போகும். மாற்றினோம். அந்தப் புஷ் இப்போது வீட்டில், அப்பாவின் ஸ்டெதஸ்கோப்புக்குப் பக்கத்தில் இருக்கிறது. பிறேக் சிலிண்டர், ஹோஸ், பெற்றோல் குழாய், ரயர் எல்லாம் புதிது. 1958இல் இல்லாத ஆசனப்பட்டியையும் முன்னால் பூட்டினோம். பழைய கார் ஆர்வலர்கள் இதைக் குறை சொல்வார்கள். விபத்துப் பிரிவில் இரவுக் கடமை செய்த எவரும் சொல்லமாட்டார்கள்.

பின் ஆசனத்தின் ரெக்சின் உறை கிழிந்து, கறை பிடித்திருந்தது. புதிய உறைக்குத் துணி வெட்டக் கொடுக்கும் நாளில் ஒரு பெண் வந்தார். கார் திரும்ப ஓடப் போகிறது என்று கேள்விப்பட்டு, தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தவர். "நான் இதில்தான் பிறந்தேன் என்று அம்மா சொல்லுவா. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லையாம். டிஸ்பென்சர் ஐயா வழியில் வண்டியை நிறுத்தி, டோர்ச் வெளிச்சத்தில் பிள்ளை எடுத்தாராம்" என்றார். ஆசனத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தார். தேநீர் குடித்துவிட்டுப் போனார். உள்ளே தும்பை மட்டும் மாற்றினோம். உறை அப்படியே இருக்கிறது.

2024இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா முன் ஆசனத்தில், பாஸ் பின் ஆசனத்தில், மாவனல்லை வழியாகக் கடுகண்ணாவை ஏறினோம். பாதி மலையில் ரேடியேற்றர் கொதித்தது. அப்பா நிறுத்தும் அதே பீலியடியில் நிறுத்தி, ஆற விட்டு, தண்ணீர் ஊற்றினோம். பொனற்றைத் திறந்தது நாங்கள். பாறையைக் குடைந்த வழியைத் தாண்டியபோது அம்மா கதவில் தட்டிச் சொன்னார், "உங்கப்பா பார்த்திருந்தால் கை பழுதாகும் என்று சொன்னதை வாபஸ் வாங்கியிருப்பார்."

1958இல், எங்கள் கார் செய்யப்பட்ட அதே வருடத்தில், நேப்பிள்ஸைச் சேர்ந்த மரியா தெரேசா டி ஃபிலிப்பிஸ் ஃபோர்மியூலா வண் பந்தயத்தில் ஓட்டிய முதல் பெண்ணானார். உன்னால் வேகமாக ஓட்ட முடியாது என்று அண்ணன்மார் பந்தயம் கட்டியதில்தான் அவர் ஒரு சின்ன ஃபியட்டில் தொடங்கினார். எங்களை யாரும் சீண்டவில்லை. அன்பாகத்தான் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அன்பாகச் சொன்னாலும் தள்ளி நின்றது தள்ளி நின்றதுதான். அதனால் ஒரு கைத்தொழில் எங்கள் வீட்டிலேயே அழியப் பார்த்தது. பாஸுக்கு இப்போது கண் மங்கி வருகிறது. அவர் கையில் இருந்ததில் ஒரு சிறு பங்கு எங்கள் கையில் இருக்கிறது. அதை இன்னொரு கைக்குக் கொடுக்க வேண்டும்.

ஆகவே இந்த நூற்றாண்டுக்கு எங்கள் காணிக்கை இதுதான். அதிபர் அவர்கள் அனுமதித்தால், மாதம் ஒரு சனிக்கிழமை காரை மைதானத்து மரத்தடிக்குக் கொண்டுவருகிறோம். ரயர் மாற்ற, பிளக் துடைக்க, பிறேக் எப்படி வேலை செய்கிறது என்று அறிய விரும்பும் பிள்ளைகள் பழைய சட்டையோடு வரட்டும். வெளிநாட்டிலிருந்து வரும் அக்காமாரும் வரலாம். பின் ஆசனத்தில் மட்டும் பார்த்து உட்காருங்கள்.