பல் போனால் பல் ஊன்றலாமா?



பல் போனால் சொல் போச்சு என்பது பழமொழி. சொல் மட்டுமா போகிறது? கடித்துத் தின்னும் சுகம் போகிறது. கன்னம் ஒட்டி முகக்களை குறைகிறது. நாலு பேர் நடுவே வாய்விட்டுச் சிரிக்கவும் கூச்சமாக இருக்கிறது. போன பல்லுக்குப் பதிலாக நம் தாத்தா பாட்டிமார் அறிந்திருந்தது, கழற்றி மாட்டும் பல் செட்டு ஒன்றுதான். இன்றோ, தாடை எலும்பிலேயே ஓர் உலோக வேரை ஊன்றி, அதன்மேல் பல்லைப் பொருத்துகிறார்கள். பல் மருத்துவர்கள் இதை இம்பிளாண்ட் என்பார்கள். நாம் இந்தப் பேச்சில் ஊன்று பல் என்று அழைப்போம்.

இதற்குத் தனியார் கிளினிக்கில் ஒரு பல்லுக்கே பல ஆயிரம் வெள்ளி ஆகும். பால் வெட்டியும் செம்பனைக் குலை அறுத்தும் சேர்த்த பணம் அது. அல்லது பட்டணத்தில் வேலை பார்க்கும் பிள்ளைகள் அம்மாவுக்கென்று அனுப்பிய பணம். ஆகவே, ஊன்று பல் என்றால் என்ன, அது எப்படி நிற்கிறது, எதனால் விழுகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

ஊன்று பல்லுக்கு மூன்று பாகங்கள் உண்டு. முதலாவது, திருகாணி போன்ற சிறிய வேர். இது பெரும்பாலும் டைட்டானியம் என்னும் உலோகத்தால் ஆனது. இரண்டாவது, அந்த வேரின்மேல் பொருத்தும் இணைப்புத் துண்டு. மூன்றாவது, நம் கண்ணுக்குத் தெரியும் பல். ஈறுக்கு வெளியே இருப்பது இந்த மூன்றாவது பாகந்தான். பாரத்தையெல்லாம் தாங்குவதோ எலும்புக்குள் மறைந்திருக்கும் வேர்.

இந்த முறை பிறந்த கதை சுவையானது. பெர்-இங்வார் பிரோனமார்க் என்பவர் சுவீடன் நாட்டு ஆராய்ச்சியாளர். 1952இல் லுண்ட் நகரில், எலும்புக்குள் இரத்தம் எப்படி ஓடுகிறது என்று பார்ப்பதற்காக, முயலின் கால் எலும்பில் டைட்டானியத்தாலான ஒரு சிறு கருவியைப் பொருத்தினார். ஆராய்ச்சி முடிந்து கழற்றப் பார்த்தால் கருவி வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965இல் முதன்முதலாக ஒரு மனிதரின் தாடையில் அவர் டைட்டானிய வேர்களை ஊன்றினார். அந்த மனிதர் 2006இல் காலமாகும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, அவை அவருக்குப் பயன்பட்டன.

எலும்பு உலோகத்தை ஏற்றுக்கொள்வது என்பது நமக்குப் புரியாத செய்தி அன்று. ரப்பர் நாற்றில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்தவர்கள் நாம். பட்டையைக் கீறி, நல்ல மரத்தின் கண்ணை வைத்துக் கட்டியபின் என்ன செய்கிறோம்? ஏறக்குறைய மூன்று வாரம் கட்டைத் தொடுவதில்லை. அவசரப்பட்டு அவிழ்த்தால் கண் கருகிவிடும். தாடையிலும் அப்படித்தான். வேரை ஊன்றியபின், எலும்பு அதைச் சுற்றி வளர்ந்து இறுகுவதற்குப் பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வரை விடுவார்கள். மேல்தாடை எலும்பு கீழ்த்தாடையைவிட மென்மையானது. ஆதலால் அங்கே காத்திருக்கும் காலம் பெரும்பாலும் கூடுதலாகும்.

அண்மைக் காலத்தில் இந்தச் சிகிச்சை நன்றாக முன்னேறியிருக்கிறது. முன்பு தட்டையான எக்ஸ்ரே படத்தை வைத்தே எலும்பின் அளவை மதிப்பிட்டார்கள். இப்பொழுது எலும்பின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் காட்டும் ஸ்கேன் படம் எடுக்கிறார்கள். வேரை எந்த இடத்தில், எந்தச் சாய்வில் ஊன்ற வேண்டும் என்று முன்கூட்டியே கணினியில் திட்டமிட்டு, அதற்கேற்ற வழிகாட்டி அச்சும் செய்துகொள்கிறார்கள். வாயில் மாவு வைத்து அச்செடுப்பதற்குப் பதிலாகச் சிறு கேமராவால் வாயைப் படம் பிடிக்கும் வசதியும் வந்துவிட்டது. வேரின் மேற்பரப்பைச் சொரசொரப்பாகச் செய்வதால் எலும்பு அதை விரைவாகப் பற்றுகிறது. ஒரு தாடையில் பல்லே இல்லாதவருக்கு நான்கு வேர்களை ஊன்றி, அவற்றின்மேல் முழு வரிசையையும் நிறுத்தும் முறையும் வந்திருக்கிறது.

நல்ல முறையில் ஊன்றிப் பேணப்பட்ட வேர்களில், 10 ஆண்டு கழித்தும் நூற்றுக்கு 90க்கு மேல் நிலைத்து நிற்கின்றன. இது பாராட்ட வேண்டிய வெற்றி. ஆனால், விளம்பரத்தில் ‘ஒரே நாளில் பல்’ என்று காணும்போது நிதானம் வேண்டும். எலும்பு கெட்டியாக இருக்கும் சிலருக்கு அன்றே தற்காலிகப் பல் வைக்க முடியும் என்பது உண்மைதான். எலும்பு இறுகும் காலத்தை மட்டும் எந்தப் பணத்தாலும் குறைத்து வாங்க முடியாது.

இனி, மருத்துவர்களுக்கே சவாலாக இருப்பவை எவை என்று பார்ப்போம்.

முதல் சவால், எலும்பு போதாமை. பல்லைப் பிடுங்கியபின், அது நின்ற இடத்து எலும்பு வேலையற்றுச் சுருங்கத் தொடங்குகிறது. முதல் ஆண்டில்தான் இது வேகமாக நடக்கிறது. பல ஆண்டுகள் பல் இல்லாமல் இருந்த ஒருவருக்கு, வேரை ஊன்றப் போதிய எலும்பு இருக்காது. வேறிடத்து எலும்பையோ எலும்புத் தூளையோ வைத்து முதலில் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கும். செலவும் கூடும், மாதங்களும் கூடும். மேலும், மேல்கடைவாய்க்கு மேலே காற்றறை ஒன்று இருக்கிறது. கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. வேர் தவறி அந்த நரம்பில் பட்டால் உதடும் முகவாயும் மரத்துப் போகலாம். ஸ்கேன் படம் ஏன் அவசியம் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது சவால், ஊன்றியபின் வரும் நோய். ‘உலோகப் பல்தானே, சொத்தை விழாதே’ என்று சிலர் எண்ணுகிறார்கள். சொத்தை விழாது, ஆனால் ஈறு கெடும். பல்லைச் சுற்றி அழுக்குப் படிந்தால் ஈறு வீங்கி, இரத்தம் கசிந்து, பின்னர் எலும்பே கரையத் தொடங்கும். நம் சொந்தப் பல்லை மெல்லிய நார்கள் எலும்போடு பிணைத்திருக்கின்றன. கல் கடிபட்டால் சட்டென்று உணர்ந்து வாயைத் திறக்கிறோமே, அது அந்த நார்களின் உதவி. ஊன்று பல்லுக்கு அந்த நார்கள் இல்லை. அதனால் பாரம் கூடுவது தெரிவதில்லை. நோய் முற்றும் வரை வலியும் பெரும்பாலும் தெரிவதில்லை. எனவே பழுதில்லாதபோதும் மருத்துவர் சொன்ன தவணையில் போய்க் காட்ட வேண்டும்.

மூன்றாவது சவால், நம் உடல்நிலையும் பழக்கங்களும். 2023இல் நடந்த தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்கள் நூற்றுவரில் ஏறக்குறைய 16 பேருக்கு நீரிழிவு இருக்கிறது. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் ஊன்று பல் வைக்கலாம். கட்டுமீறிய சர்க்கரை, புண்ணை ஆறவிடாது. சிகரெட் பிடிப்பவர்களுக்கு வேர் தோற்றுப்போகும் வாய்ப்பு ஏறக்குறைய இருமடங்கு. எலும்பு பலவீனத்துக்காக மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் அதை முதலிலேயே பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அத்தகைய மருந்துகளில் சில, தாடைப் புண்ணை ஆறவிடாமல் செய்யக்கூடியவை. ஆனால் யாரையும் கேளாமல் நாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது.

வெற்றிலைபாக்கைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். லயத்து வாசலில் வெற்றிலைப் பெட்டியோடு அமர்ந்து பேசுவது நம் பாட்டிமாரின் பழக்கம். ஆனால் பாக்கை விடாமல் மென்றால் வாயின் உள்தோல் நாளடைவில் இறுகிப்போகும். வாய் இரண்டு விரல் அளவுகூடத் திறக்காதபோது மருத்துவர் கருவியை எப்படி உள்ளே கொண்டுபோவார்? அதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. புகையிலை சேராத வெற்றிலைபாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று, உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. வாயில் ஆறாத புண்ணோ, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டோ இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால், பல்லை மறந்துவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள்.

இனி பிள்ளைகளைப் பற்றி. தாடை வளர்ந்து முடியும் வரை ஊன்று பல் வைப்பதில்லை. பிள்ளையின் தாடை வளரும்போது உலோக வேர் அதோடு சேர்ந்து நகராது. பல் குட்டையாகிப் பின்தங்கிவிடும். ஆகவே, திடலில் விழுந்த பையனின் முன்பல் முழுதாகக் கழன்று வந்தால் அதைக் குப்பையில் எறிந்துவிடாதீர்கள். முளைத்த நிலைப்பல்லாக இருந்தால், வேர்ப் பக்கத்தைத் தொடாமல் மேல் பக்கத்தைப் பிடித்து எடுங்கள். மண் ஒட்டியிருந்தால் லேசாக அலசுங்கள், தேய்க்க வேண்டாம். பாலில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் கொண்டுபோனால் அதே பல்லைத் திரும்ப வைக்க வாய்ப்புண்டு. விழுந்தது பால்பல்லானால் திரும்ப வைப்பதில்லை. அப்போதும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்.

எங்கள் பள்ளிக்கு அரசாங்கப் பல் மருத்துவக் குழு வரும் நாளில் சில பிள்ளைகள் கழிப்பறைப் பக்கம் ஒளிந்துகொள்வார்கள். பயப்படுத்தியது யார்? ‘குறும்பு செய்தால் பல் டாக்டரிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்’ என்று வீட்டில் சொன்ன நாம்தான். ஏழு வயதில் சிறிய சொத்தையை அடைத்துக்கொண்டால், நாற்பது வயதில் பல ஆயிரம் வெள்ளியைத் தேட வேண்டியதில்லை. வலிக்கிற பல்லையெல்லாம் பிடுங்கிவிடச் சொல்வதும் சரியன்று. வேர்ச் சிகிச்சையால் காப்பாற்றக்கூடிய பல்லா என்று முதலில் கேளுங்கள். சொந்தப் பல்லுக்கு ஈடான ஊன்று பல் இன்னும் வரவில்லை.

ஊன்று பல் வேண்டாம் என்பதன்று என் பேச்சின் கருத்து. வேண்டுமென்றால், கேட்டுத் தெளிந்து செய்யுங்கள். செய்பவர் மலேசியப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். வீட்டிலும் ஹோட்டல் அறையிலும் மலிவாகப் பல் கட்டித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். என் எலும்பு போதுமா? எத்தனை மாதம் ஆகும்? எலும்பு நிரப்புவதும் மேலே வைக்கும் பல்லும் சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு? வேர் பிடிக்காவிட்டால் என்ன செய்வீர்கள்? கழற்றி மாட்டும் பல்லோ, பக்கத்துப் பற்களைப் பிடித்துக் கட்டும் பாலமோ எனக்குப் போதுமா? இந்த ஐந்து கேள்விகளையும் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பாட்டிக்குக் கேட்கக் கூச்சமென்றால் பேரப்பிள்ளை துணைக்குப் போகட்டும். நல்ல மருத்துவர் இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்வார்.

ஊன்றுவது மருத்துவர் கையில். நிலைக்கச் செய்வது நம் கையில். காலையும் இரவும் பல் துலக்கும் அந்த இரண்டு நிமிடமே, சொந்தப் பல்லுக்கும் ஊன்று பல்லுக்கும் உரம்.