காலங் கடந்து கேட்கப்பட்ட இசைத்தட்டு



இந்துஸ்தானி இராகங்கள் பத்தினை மின்னியற் கருவிகளிலேயே வாசித்து, டிஸ்கோத் தாளத்தின்மேல் அமைத்த இசைத்தட்டு ஒன்று 1982ஆம் ஆண்டு பம்பாயில் உருவாயிற்று. ஆக்கியவர் சரண்ஜித் சிங். வெளியிட்டது இந்தியக் கிராமபோன் கம்பனி. வாங்குவாரின்றி அது மறைந்தது. 2010ஆம் ஆண்டு மறுபதிப்பாக வெளிவந்தபோது மேலைநாட்டுப் பத்திரிகைகள் அதனை வியந்து எழுதின. முன்னைய புறக்கணிப்பும் பின்னைய புகழ்ச்சியும் அந்த இசையை உள்ளபடி கேட்டதனால் எழுந்தவைதாமா என்பது என் ஐயம். அதனையே இன்று உங்களோடு பேச எடுத்துக்கொண்டேன்.

சரண்ஜித் சிங் திரைப்பட வாத்தியக் குழுக்களில் வாசித்தவர். இராகுல் தேவ் பர்மன் முதலிய இசையமைப்பாளர்களிடம் பணியாற்றியவர். இலங்கை வானொலியின் இந்திச் சேவையில் பினாக்கா கீத்மாலா ஒலித்த நாட்களில் பாடகர் பெயரும் இசையமைப்பாளர் பெயரும் எம் வீடுகளில் எல்லோர்க்கும் தெரியும். வாத்தியக்காரர் பெயரை யார் கேட்டார்? அத்தகைய பெயரற்ற வரிசையில் நின்ற ஒருவர் தமக்கென ஒரு தட்டினைச் செய்ய முற்பட்டார் என்பதை முதலில் மனத்திற் கொள்ள வேண்டும்.

அது டிஸ்கோ மோகம் தலைவிரித்தாடிய காலம். 1980இல் ‘குர்பானி’, 1982இல் ‘டிஸ்கோ டான்சர்’ எனப் படங்கள் வந்தன. எங்கும் டிஸ்கோவாக இருந்தமையால் அதன் தாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, தபேலாவை விலக்கி, இராகங்களை வாசித்துப் பார்த்தால் என்ன என்று தோன்றியதாகச் சரண்ஜித் சிங் பிற்காலப் பேட்டியிற் கூறினார். எண்ணம் எளியது, செய்கை அவ்வளவு எளியதன்று.

அவர் கையாண்ட கருவிகள் மூன்று. மூன்றும் யப்பானிய றோலண்ட் கம்பனியின் ஆக்கங்கள். ஒன்று தாளம் தரும் டி.ஆர். 808. மற்றொன்று ஜூபிட்டர் 8 என்னும் சிந்தசைசர். மூன்றாவதாகிய டி.பி. 303, பாஸ் கித்தார் வாசிப்பவர் இல்லாதவிடத்து அவர்க்குப் பதிலாக ஒலிக்கவென்று செய்யப்பட்ட சிறு பெட்டி. கித்தாரைப் போல அது ஒலிக்கவில்லை, ஆகவே விற்கவுமில்லை. 1984இல் உற்பத்தி நின்றது. ஆயினும் அதில் ஒரு வசதி உண்டு. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு ஒலியை அறுபடாமல் வழுக்கிச் செல்ல விடலாம். சிந்தசைசரிலும் இவ்வசதி உள்ளது.

நேயர்களே, எம் சங்கீதத்துக்கு உயிர்நிலை இவ்விடத்திலேதான் இருக்கின்றது. ஆர்மோனியத்தை அகில இந்திய வானொலி 1940ஆம் ஆண்டு விலக்கிவைத்தது. 1971 வரை அத்தடை தளரவில்லை. கட்டைக்குக் கட்டை தனித்தனியே நிற்கும் அக்கருவியில் கமகம் பேசாது என்பது அன்று கூறப்பட்ட குறைகளுள் தலையாயது. மரமும் துருத்தியும் உலோக நாக்குகளும் கொண்ட ஆர்மோனியத்தால் இயலாத வளைவு, மின்சாரப் பெட்டிக்கு இயன்றதே! யந்திரம் என்றவுடன் முகஞ் சுளிக்கும் பெரியோர் இதனைச் சற்றுச் சிந்திக்கலாம்.

எமது பாடசாலையிலே இத்தட்டின் ஒரு பகுதியை மேல்வகுப்பு மாணவர்க்குப் போட்டுக் காட்டினேன். சிலர் சிரித்தனர், ஒருவன் மேசையில் தாளம் போட்டான். சங்கீதம் பயிலும் மாணவி ஒருத்தி மட்டும், “ஐயா, இது ஹிந்தோளம் அல்லவா?” என்றாள். மால்கௌன்ஸ் என்று வடக்கே வழங்குவது எங்கள் ஹிந்தோளமே. பூபாளி எங்கள் மோகனம். யமன் எங்கள் கல்யாணி. வேடம் எதுவாயினும் இராகத்தின் முகம் மறையவில்லை என்பதற்கு அந்தப் பிள்ளையின் செவியே எனக்குப் போதிய சான்றாயிற்று.

இனிப் புகழ்ச்சியின் கதைக்கு வருவோம். விலைபோகாத டி.பி. 303 பெட்டிகள் பழைய சாமான் விலைக்கு இறங்கின. சிக்காகோ நகரத்து இளைஞர் சிலர் அவற்றை வாங்கி, ஒலிக்கும்போதே குமிழ்களைத் திருகி, நெளியும் ஓசை ஒன்றைக் கண்டனர். பியூச்சர் என்னும் அவர்களது குழு 1987இல் வெளியிட்ட ‘அசிட் டிராக்ஸ்’ என்ற தட்டிலிருந்து அசிட் ஹவுஸ் என்றதோர் இசைவகை பரவிற்று. பின்னர் எடோ பௌமான் என்ற ஒல்லாந்துச் சேகரிப்பாளர் சரண்ஜித் சிங்கின் பழைய தட்டினை டில்லிக் கடையொன்றிற் கண்டெடுத்து மறுபதிப்புச் செய்தார். ஐந்தாண்டு முந்தியே இந்த ஓசை பம்பாயில் எழுந்ததா என உலகம் திகைத்தது. இது யாரோ இக்காலத்தவர் செய்த போலி என்று ஐயுற்றோரும் இருந்தனர்.

சிக்காகோ இளைஞர் பம்பாய்த் தட்டினைக் கேட்டுக் கற்றனர் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஒரே கருவி இரு கைகளிலே ஒத்த ஓசையை எழுப்பியது, அவ்வளவே. ஆதலின் அவரை அசிட் ஹவுஸின் தந்தை எனல் மிகை. அதைவிட எனக்கு உறுத்துவது வேறொன்று. மேலைநாட்டு இசையொன்றை ஒத்திருக்கின்றது என்பதனாலேயே அவர் பெரியவரானார். ஒத்திராவிட்டால்? லலித் இராகத்தில் இரு மத்திமங்களும் எவ்வாறு கையாளப்பட்டுள்ளன என்று எத்தனை பேர் எழுதினர்?

எங்கள் அலுவிகாரையிலேதான், வாய்வழி வந்த பௌத்த மறைநூல்கள் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டன என்பது மரபு. ஓதும் குரலின் ஏற்ற இறக்கம் ஏட்டில் ஏறியிராது. ஆயினும் நூல் பிழைத்தது. இத்தட்டிலும் அத்தகைய இழப்பு உண்டு. விடியற்கால லலித்துக்கும் நள்ளிரவு மால்கௌன்ஸுக்கும் ஒரே ஓட்டந்தான். தாளம் மூச்சு விடுவதில்லை. ஆலாபனை விரிவதற்கு இடமுமில்லை. இவற்றைக் குறையென்றே கொள்கின்றேன். ஆயினும் இராகத்தை அறிந்த கையொன்று அந்தப் பெட்டிகளை ஆட்டுவித்தது என்பதை மறுக்க இயலாது.

எழுபது வயதுக்குப் பின் சரண்ஜித் சிங் ஐரோப்பிய மேடைகளில் இவ்விராகங்களை வாசித்தார். முதுமையிலாயினும் சபை கிடைத்தது. 2015ஆம் ஆண்டு ஜூலை மாதம் மும்பையில் அவர் காலமானார்.

கேட்க விரும்பும் நேயர்கள் மால்கௌன்ஸிலிருந்து தொடங்கலாம். தாளத்தின் இரைச்சலைச் சற்றுப் பொறுத்துக்கொண்டு, மேலே செல்லும் சுரங்களைப் பின்தொடருங்கள்.