முதுமைத் தளர்ச்சியை முன்கூட்டியே அறிவோம்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட மருத்துவ விழிப்புணர்வு உரை)

 

நமது பள்ளிவாசலின் பின்வரிசையில் நாற்காலிகள் ஆண்டுதோறும் பெருகி வருவதை நாம் அனைவரும் காண்கிறோம். நேற்றுவரை உக்கடம் கடைவீதிக்கு நடந்தே சென்று வந்த பெரியவர், இன்று தெருமுனையிலேயே களைத்து நின்றுவிடுகிறார். "வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும்" என்று கூறி நாமும் நகர்ந்துவிடுகிறோம். அச்சொல் சரிதானா என்று ஆராய்வதே இவ்வுரையின் நோக்கமாகும்.

முதுமை வேறு, தளர்ச்சி வேறு. எண்பது வயதிலும் திடமாக நடமாடுவோர் உண்டு. அறுபத்தைந்திலேயே ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் பின் எழ முடியாமற்போவோரும் உண்டு. உடலின் சேமிப்பு வலு கரைந்து, சிறு நோயையும் தாங்கவியலாத நிலையையே மருத்துவர்கள் தளர்ச்சி என்கின்றனர். அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃபிரைடும் அவர்தம் குழுவினரும் 65 வயதும் அதற்கு மேலுமான 5,317 பேரை ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தனர். முயலாமலே ஓராண்டில் நாலரைக் கிலோவுக்கு மேல் எடை குறைதல், ஓயாத அயர்ச்சி, கைப்பிடி வலுவிழத்தல், நடை மந்தமாதல், உடலுழைப்புக் குன்றுதல் என்பனவே அவை. மூன்று இருப்பின் தளர்ச்சி. ஒன்றிரண்டு இருப்பின் அதன் முன்நிலை.

இதனை இரத்தப் பரிசோதனையில் அறிய இயலாதா என்று பலரும் கேட்கின்றனர். தளர்ந்தோர் இரத்தத்தில் சி-ரியாக்டிவ் புரதம், இன்டர்லூக்கின்-6 ஆகிய அழற்சிக் குறியீடுகள் உயர்ந்தும், ஹீமோகுளோபின், ஆல்புமின், வைட்டமின் டி ஆகியவை குறைந்தும் காணப்படுவதை ஆய்வுகள் காட்டியுள்ளன. உடலுக்குள் நீறுபூத்த நெருப்பாய் நீடிக்கும் அழற்சி, தசைப் புரதத்தைச் சிதைக்கிறது. இரும்புச் சத்தை உடல் பயன்படுத்தவிடாமல் தடுத்து இரத்தசோகையையும் உண்டாக்குகிறது. எனினும் சளி, மூட்டுவாதம் போன்றவற்றிலும் இதே குறியீடுகள் உயரும். ஆகவே, தளர்ச்சியை உறுதி செய்யும் தனியொரு இரத்தப் பரிசோதனை இதுவரை இல்லை. அத்தகைய பெயரில் விற்கப்படும் பரிசோதனைத் தொகுப்புகளை நம்பிப் பணத்தை இழக்க வேண்டாம்.

நம் நாட்டிலும் 2017-18இல் நடந்த இந்திய முதுமை நெடுங்கால ஆய்வில், 72,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர்; அதில் இரத்தத்துளிகள் சேகரிக்கப்பட்டதுடன், கைப்பிடி வலுவும் நடை வேகமும் அளக்கப்பட்டன. இரத்தம் காரணத்தைத் தேட உதவும். தளர்ச்சியைக் காட்டிக்கொடுப்பவை கையும் காலுமே.

இச்சோதனையை வீட்டிலேயே தொடங்கலாம். கைகளை மார்பில் கட்டியவாறு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து அமரச் செய்யுங்கள். அருகில் ஒருவர் நின்றுகொள்ளுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆகுமாயின், தசைவலு குறைந்திருக்கலாம் என்பது ஆசிய வல்லுநர் குழுவின் 2019ஆம் ஆண்டு அளவுகோல். அவ்வாறெனில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை நோய், மனச்சோர்வு, அளவுக்கு மிஞ்சிய மாத்திரைகள் ஆகிய காரணங்கள் பலவும் சரிசெய்யத்தக்கவையே.

உணவிலும் கவனம் தேவை. தேநீரும் வர்க்கியுமே இரவுணவாகக் கழிக்கும் முதியோர் நம் இல்லங்களில் இல்லையா? உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் முதியோருக்கு நாள்தோறும் தேவை என வல்லுநர்கள் பரிந்துரைக்கின்றனர். நம் கொங்கு நாட்டுக் கொள்ளுப் பருப்பும், பாசிப்பயறும், முட்டையும், மீனும் எட்டாக்கனியல்ல. சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். உணவோடு, தசைக்கு வேலை தரும் எளிய பயிற்சியும் சேர்ந்தால்தான் பலன் கிட்டும்.

முதியோர் மருத்துவத் துறையை 1978இலேயே சென்னையில் கண்ட மாநிலம் நம்முடையது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையமும் திறக்கப்பட்டது. ஆயினும் முதல் மருத்துவர் வீட்டிலிருப்போரே. இன்று இல்லம் திரும்பியதும், "அத்தா, சற்று எழுந்து நடந்து காட்டுங்கள்" என்று கேட்போம். காலம் கடந்த பின் அவரைத் தாங்கிப் பிடிப்பதினும், இன்றே அவர் நடையைக் கவனிப்பது நம் கடமையாகும்.