புது கோச் வந்திருக்காராம்!

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் பேசியது. மலருக்காகக் கொஞ்சம் சுருக்கி எழுதித் தந்திருக்கிறேன்.)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "தம்பி, பசங்களுக்கு மேனேஜ்மென்ட் பத்திப் பதினஞ்சு நிமிஷம் பேசுப்பா" என்றார். அதைப் பேச என்னைவிடத் தகுதி உள்ளவர்கள் இந்த மேடையிலேயே ஆறு பேர் இருக்கிறார்கள். "மேனேஜரைப் பத்திப் பேசட்டுமாண்ணே?" என்று கேட்டேன். "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார். ஒன்றில்லை. நான் பேச வந்திருப்பது கால்பந்து மேனேஜரைப் பற்றி. நம் ஊர்ப் பேச்சில் கோச். தோற்றுக்கொண்டே இருக்கும் ஒரு அணிக்குப் புது கோச் வரும்போது, காசு கொடுத்து டிக்கெட் வாங்கும் நாம் என்ன எதிர்பார்க்கிறோம், அது எவ்வளவு தூரம் நடக்கும் என்பதுதான் விஷயம்.

நான் 2010-இல் வெளியே போன பேட்ச். நாலு வருஷமும் கல்லூரிக் கால்பந்து அணியில் இருந்தேன். ஆடினேன் என்று சொல்லவில்லை, இருந்தேன். லெப்ட் பேக்குக்கு மாற்று ஆள். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டில் திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து மாமல்லபுரம் போவோம். அங்கே மீனவர் குப்பத்துப் பிள்ளைகளோடு மணலில் ஆட்டம். வலை காயப்போடும் இடம்தான் மைதானம், படகுகள்தான் கோல் போஸ்ட். ஷூ போட்ட எங்களுக்கு, வெறுங்காலோடு ஆடுகிற அவர்கள் ஏழு கோல், எட்டு கோல் போட்டு அனுப்புவார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் எங்கள் முடிவு எப்போதும் ஒன்றுதான்: "பி.டி. சாரை மாத்தணும்டா." பி.டி. சார் அங்கே வந்ததே இல்லை! (சார் கீழே உட்கார்ந்து சிரிக்கிறார். மன்னிக்கணும் சார்.)

2014-இல் ஐ.எஸ்.எல். போட்டி ஆரம்பித்தபோது நமக்கென்று 'சென்னையின் எப்.சி.' வந்தது. முதல் கோச் இத்தாலிக்காரர் மார்க்கோ மாட்டராட்ஸி. 2006 உலகக் கோப்பை பைனலில் ஜிடேன் தலையால் முட்டினாரே, முட்டு வாங்கிய அதே ஆள். 2015-இல் அணி பட்டியலின் அடியில் கிடந்தது. கோச்சை மாற்று என்று கத்தாதவர்கள் இல்லை, நான் உட்பட. மாற்றவில்லை. கடைசி 4 லீக் ஆட்டங்களையும் ஜெயித்து மேலே வந்தார்கள். அந்த டிசம்பர் வெள்ளம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நம் ஊர் செமி பைனலையே புனேயில் போய் ஆட வேண்டியிருந்தது. டிசம்பர் 20 அன்று கோவாவில் பைனல். 90-வது நிமிடம் வரும்போது 1-2 என்று பின்னால். ஆட்டம் முடிந்தபோது 3-2 என்று கப் நம் கையில். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், கோச்சை மாற்றாமலும் அணி எழும் என்பதை நாம் சீக்கிரம் மறந்துவிடுகிறோம்.

அடுத்து ஜான் கிரிகரி என்ற ஆங்கிலேயர் வந்தார். வந்த முதல் சீசனிலேயே, 2018 மார்ச்சில், பெங்களூரை அதன் சொந்த மைதானத்தில் 3-2 என்று தோற்கடித்து இரண்டாவது கப். அவர் மறு சீசனும் இருந்தார். அதே கோச், ஏறக்குறைய அதே அணி: 18 ஆட்டத்தில் 2 வெற்றி, 9 புள்ளி, கடைசி இடம். கோச்சின் மூளை ஆறு மாதத்தில் கெட்டுப் போகுமா? அப்போது எங்களுக்கு அந்தக் கேள்வி தோன்றவில்லை. கோபம்தான் வந்தது.

2019-20 இன்னும் மோசம். முதல் 4 ஆட்டத்தில் ஒரு கோல்கூட இல்லை. நானும் என் பழைய அறைத்தோழனும் செங்கல்பட்டிலிருந்து ரயிலேறி, பார்க் ஸ்டேஷனில் இறங்கி, ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கும் நேரு ஸ்டேடியத்துக்குப் போவோம். போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. நவம்பர் 25, ஹைதராபாத் ஆட்டம். 90 நிமிடம் ஆகியும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். "வண்டி போயிடும்டா" என்று எழுந்து வெளியே வந்துவிட்டோம். கேட்டைத் தாண்டும்போது உள்ளே ஒரு சத்தம். சீசனின் முதல் கோல்! திரும்ப உள்ளே விட மாட்டேன் என்கிறார்கள். இன்னொரு சத்தம் சின்னதாக, அது அவர்கள் கோல். பிறகு மறுபடி பெரிய சத்தம். 2-1 என்று ஜெயித்த ஆட்டத்தின் மூன்று கோலையும் நாங்கள் காதால் பார்த்தோம். ரயிலில் கொளவாய் ஏரி வரும்வரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்த வாரக் கடைசியில்தான் செங்கல்பட்டு தனி மாவட்டமாகத் தொடங்கி வைக்கப்பட்டது, நவம்பர் 29. ஊரெல்லாம் பேனர். எங்களுக்கோ வேறு செய்தி. 6 ஆட்டத்தில் 5 புள்ளியோடு கிரிகரி விலகிவிட்டார். டிசம்பர் முதல் வாரத்தில் தோழன் போன் செய்தான். "மச்சி, புது கோச் வந்திருக்காராம்." பெயர் ஓவன் கோய்ல். ஸ்காட்லாந்துக்காரர், 2009-இல் பர்ன்லி அணியைப் பிரீமியர் லீகுக்கு ஏற்றியவர். நம் ஆட்களுக்கு அதெல்லாம் வேண்டாம், பெயரே போதும். "கோயிலே வந்துடுச்சு, இனி சாமி கும்பிட வேண்டியதுதான் பாக்கி" என்று ரயிலில் ஒருவர் சொல்ல, பெட்டியே சிரித்தது.

அந்தச் சிரிப்பில் இருந்ததைத்தான் நான் சொல்ல வந்தேன். ஆடப் போவது பெரும்பாலும் அதே ஆட்கள். நாலு ஆட்டத்தில் கோல் போடாத அதே கால்கள். வந்தவர் ஒரே ஒருவர், அவரும் மைதானத்துக்கு வெளியே நிற்கப் போகிறார். ஆனால் எங்களுக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. ஏன்?

முதல் ஆட்டம் ஜாம்ஷெட்பூரில், 1-1. இரண்டாவது, கேரளாவை 3-1. ஆகா என்றோம். மூன்றாவது, கோவாவிடம் 3-4. நாலாவது, ஒடிசாவிடம் 0-2. ஜனவரி 6 அன்று கணக்குப் பார்த்தால் புது கோச்சுக்கு 4 ஆட்டத்தில் 4 புள்ளி. பழையவர் சராசரிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. "கோயிலும் சரியில்ல, சாமியும் சரியில்ல" என்று தோழனே சொல்லிவிட்டான். நானும் தலையாட்டினேன்.

பொறியாளன் என்ற முறையில் ஒன்றை நான் கவனித்திருக்க வேண்டும். கோவா ஆட்டத்தில் தோற்றோம், சரி. ஆனால் 3 கோல் போட்டுத் தோற்றோம். கோலே போடத் தெரியாமலிருந்த அணி அது! இயந்திரத்தில் ஏதோ மாறியிருக்கிறது, ரிசல்ட் இன்னும் வரவில்லை. மிச்சம் 8 ஆட்டம். அதில் ஒன்றுகூடத் தோற்கவில்லை, ஆறில் வெற்றி. கொச்சியில் போய்க் கேரளாவை 6-3. வால்ஸ்கிஸ் அந்த சீசனில் 15 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். 29 புள்ளியோடு நாலாவது இடம். செமி பைனலில் கோவாவை, நம் ஊரில் 4-1, அங்கே 2-4, மொத்தம் 6-5 என்று நூலிழையில் தாண்டினார்கள். நம் ஊர் ஆட்டத்துக்கு நாங்கள் போயிருந்தோம். ரயில் போனால் போகட்டும் என்று கடைசி விசில்வரை இருந்தோம். மார்ச் 14 பைனல், கொரோனாவால் காலி ஸ்டேடியம். ஏ.டி.கே.யிடம் 1-3 என்று தோற்றோம். அடுத்த பத்து நாளில் நாடே மூடிவிட்டது.

இதில் கோச்சின் பங்கு எவ்வளவு, தானாகச் சரியானது எவ்வளவு? டச்சு லீகில் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களை எடுத்து பாஸ் டெர் வீல் என்ற பொருளியலாளர் பார்த்திருக்கிறார். அதே மாதிரி சறுக்கி, கோச்சை மாற்றாமல் விட்ட அணிகளும் கிட்டத்தட்ட அதே அளவு எழுந்திருக்கின்றன என்பது அவர் கண்டது. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது டாக்டரை மாற்றினால், இறங்கியதற்குப் புது டாக்டருக்குப் பேர் கிடைக்கும், அந்தக் கதைதான். இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. முழுவதும் நம்பவும் முடியவில்லை. காரணம், இடையில் நானே ஒரு கோச் ஆகிவிட்டேன்.

2021-இல், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாம்) என்னை ஒரு மெஷினிங் லைனுக்கு இன்சார்ஜ் ஆக்கினார்கள். பம்ப் ஹவுசிங்குக்குத் துளை கடையும் லைன். நூறு பீஸில் ஒன்பது ரிஜெக்ட். முதல் நாள் ஷிப்டில் முப்பது பேர் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். ஸ்டேடியத்தில் நான் கோய்லைப் பார்த்த பார்வை. வயதான பிட்டர் ஒருவர் மட்டும் அப்படிப் பார்க்கவில்லை. டீ டைமில் பக்கத்தில் வந்து கேட்டார்: "சார், நீங்க எத்தனை மாசம் இருப்பீங்க?"

இரண்டு வருஷத்தில் நான் நாலாவது இன்சார்ஜ்.

ஒரு வாரம் நான் எதையும் தொடவில்லை. அந்தப் பெரியவர் பின்னாலேயே சுற்றினேன். விஷயம் சின்னது. கடையும் இன்சர்ட் முனை தேய்ந்தால் துளை அளவு மாறும். மாற்றச் சொன்னால் டூல் செலவு ஏறுகிறது என்று திட்டு விழும். அதனால் தேய்ந்த முனையிலேயே ஓட்டி, அளவு தப்பிய பீஸை நல்லதோடு கலந்துவிட்டிருக்கிறார்கள். யாருக்கும் வேலை தெரியாமல் இல்லை. பயம். "முனை தேஞ்சா நீங்களே மெஷினை நிறுத்தி மாத்துங்க, என்னைக் கேட்க வேண்டாம்" என்றேன். முதல் மாதம் ரிஜெக்ட் ஒன்பதிலிருந்து பதிமூன்றாக ஏறியது! ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. மேலே கூப்பிட்டார்கள். "என்னப்பா, உன்னைப் போட்டதுக்கு இதுவா?" அப்போது எனக்கு ஒடிசா ஆட்டம் முடிந்த ராத்திரி ஞாபகம் வந்தது. கோய்லுக்கும் இப்படி ஒரு போன் வந்திருக்குமோ என்னவோ. "இன்னும் ரெண்டு மாசம் கொடுங்க சார்" என்றேன். கொடுத்தார்கள். அதுதான் என் அதிர்ஷ்டம். ஐந்தாம் மாதம் ஏழு, பத்தாம் மாதம் நாலு. இலக்கு இரண்டு. அதைத் தொடுமுன் பதினாலாம் மாதம் என்னை வேறு லைனுக்கு மாற்றிவிட்டார்கள். பெரியவரிடம் சொல்லப் போனேன். "பதினாலு. நீங்கதான் சார் அதிகம்" என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நம் அணியும் அப்படித்தான். 2020-இல் கோய்ல் ஜாம்ஷெட்பூர் போய், 2021-22-இல் அவர்களுக்கு லீக் ஷீல்டு வாங்கிக் கொடுத்தார். நமக்கு ஹங்கேரி, மான்டினீக்ரோ, ஜெர்மனி என்று வருஷத்துக்கு ஒருவர். நடுவில் கொஞ்ச நாள் நம் சையது சபீர் பாஷா தாங்கிப் பிடித்தார். மூன்று சீசனும் எட்டாவது இடம். 2023-இல் கோய்ல் திரும்பி வந்தார். "கோயில் நடை தொறந்துடுச்சு" என்று தோழன் சொன்னான். ஆறாவது இடம், பிளே-ஆப். அடுத்த வருஷம் 13 அணியில் 11-வது. மறுபடி பிரிவு. முதல் தடவை மந்திரம் என்றோம், இரண்டாம் தடவை மந்திரம் தீர்ந்துபோச்சு என்றோம். இரண்டும் நியாயமில்லாத பேச்சு என்று இப்போது தோன்றுகிறது.

2025 ஆகஸ்டில் அதைவிடப் பெரிய அடி. லீகை நடத்தும் ஒப்பந்தம் இழுபறியானதில் சென்னையின் தன் முதல் அணியின் வேலைகளையே நிறுத்தி வைத்தது. கோச் யார் என்ற கேள்வி போய், அணி இருக்குமா என்ற கேள்வி வந்துவிட்டது.

அந்த மாதம் மாமல்லபுரம் போயிருந்தேன். எங்களுக்கு எட்டு கோல் போட்ட பையன்களில் ஒருவர் இப்போது சொந்தப் படகு வைத்திருக்கிறார். அந்தப் பக்கத்தில் இப்போது எப்.சி. மெட்ராஸ் என்று பிள்ளைகள் தங்கிப் பயிலும் பெரிய கால்பந்து அகாடமி இருக்கிறது. நாங்கள் படித்த காலத்தில் கனவில்கூட இல்லாதது. அவருடைய மகனும் நன்றாக ஆடுகிறானாம், தேர்வுக்கு அனுப்பப் போகிறேன் என்றார். என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான்: "அங்க இருக்கிற கோச், பையன் ஒருநாள் சரியா ஆடலைன்னாலும் மறுநாளும் நின்னு பாப்பாராண்ணே?" எனக்குப் பதில் தெரியவில்லை. பார்க்கிறவராக இருக்கட்டும் என்றேன்.

சில வாரம் கழித்து ஒரு ராத்திரி தோழன் போன். சென்னையினுக்குப் புது கோச் வந்திருக்காராம். கிளிபோர்ட் மிராண்டா, கோவாக்காரர். இந்தியாவுக்கு ஆடியவர். 2023-இல் ஒடிசாவுக்குத் தற்காலிக கோச்சாக இருந்தே சூப்பர் கப் வாங்கிக் கொடுத்தவர். "எப்படி மச்சி, தேறுமா?" என்று கேட்டான்.

"எத்தனை மாசம் விடுவாங்கன்னு கேளு" என்றேன்.

"அது தெரியாது. டிக்கெட் போட்டா உனக்கும் சேர்த்து எடுக்கட்டுமா?"

எடு என்றேன். வண்டி நேரத்தையும் பார்த்து வைக்கச் சொன்னேன். இந்தத் தடவை கடைசி வண்டியை.