அவரவர் மாத்திரை



குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. இதனை அறியாத கவிஞர் இவ்வவையில் இலர். நெடிலை ஒரு மாத்திரையில் முடித்துவிட்டால் பால் பல்லாகும், காலம் கலமாகும். எழுத்துக்கு இலக்கணம் வழங்கிய இந்த உரிமையை, அவ்வெழுத்தைக் கற்க வரும் குழந்தைக்குப் பள்ளி வழங்குகிறதா என்பதே இன்றைய வினா.

ஒரே பாடம், ஒரே நேரம், ஒரே தேர்வு என்னும் முறை தமிழ் நிலத்துக்குப் பழையதன்று. திண்ணைப் பள்ளியில் ஒருவன் மணலில் எழுத்துப் பழக, மற்றொருவன் எண்சுவடி ஒப்பிப்பான். மூன்றாமவன் நிகண்டு படிப்பான். மூத்தவன் சட்டாம்பிள்ளையாய் இளையவனுக்குச் சொல்லித் தருவான். சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் வழக்கத்தை இங்கே கண்டு தம் பள்ளியில் மேற்கொண்டார். மாணவரைக் கொண்டே மாணவருக்குக் கற்பித்தார். அந்த அனுபவத்தை 1797இல் இலண்டனில் நூலாக்கினார். அது மதராஸ் முறை என்றே பெயர் பெற்றது. ஆயினும் திண்ணையைப் பொற்காலமாகப் போற்றுதல் பொருந்தாது. அங்கே பிரம்பு இருந்தது. சாதியின் பெயரால் வாசலிலேயே நிறுத்தப்பட்டோர் பலர்.

கடை மாணாக்கரை நன்னூல் ஓட்டைக் குடத்துக்கும் எருமைக்கும் ஒப்பிட்டது. கொள்வோனின் நிலையறிந்து கற்பிக்கும் கடமையை ஆசிரியருக்கு வகுத்ததும் அதே நூல்தான். முன்னதை நினைவில் கொண்ட பள்ளிகள் பின்னதை மறந்தன.

ஆந்திரத்து ரிஷி பள்ளத்தாக்கின் சிற்றூர்ப் பள்ளிகளில் உருவான அட்டைவழிக் கல்வியைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் 2003இல் தழுவின. 2007-08இல் அது செயல்வழிக் கற்றலாகத் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளெங்கும் பரவியது. பாடம் சிறு படிகளாயிற்று. ஏணிப்படியில் தன் இடத்தைக் கண்டு குழந்தையே தனக்குரிய அட்டையை எடுத்தது. காய்ச்சலால் நான்கு நாள் வராத குழந்தையும் விட்ட படியிலிருந்தே தொடரலாம். பெருந்தொற்றுக் காலத்தின் கற்றல் இழப்பை ஈடுசெய்ய 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமோ, கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் எனப் பெயரிட்டது.

பெயர் அழகியது. ஆனால் அரும்பு எனக் குறிக்கப்பட்ட குழந்தை ஆண்டு முழுதும் அரும்பாகவே விடப்பட்டால், பழைய ஓட்டைக் குடத்துக்குப் புதுப்பெயர் சூட்டியதாகவே முடியும். தன் வேகம் என்பது கைவிடுதலுக்கு மறுபெயர் ஆகிவிடலாகாது. காத்திருத்தல் வேறு, கவனியாதிருத்தல் வேறு. வீட்டில் சொல்லித்தர ஆளில்லாத ஏழைக் குழந்தைக்கே இந்த வேறுபாடு வாழ்வாகவும் தாழ்வாகவும் அமைகிறது. ஒவ்வொரு குழந்தையின் கற்கும் திறனையும் மதிப்பிட்டு, வேண்டுமிடத்துக் கூடுதலாகக் கற்பிப்பதை 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆசிரியரின் கடமையாக்கியுள்ளது. அக்கடமை நிறைவேறப் போதிய ஆசிரியர் வேண்டும்.

கவிஞர்க்கும் இதில் பணியுண்டு. இரண்டெழுத்துச் சொற்களை மட்டுமே படிக்கத் தெரிந்த குழந்தைக்கும் அச்சொற்களாலேயே ஆன நல்ல பாட்டொன்று வேண்டும். அதனை எழுதுதல் எளிதன்று. இவ்வவையினர்க்கு இயலாததும் அன்று. குறிலும் நெடிலும் இணைந்தும் நிரையசை பிறக்கிறது. வகுப்பறையும் அவ்வாறே நிறையட்டும்.