மருத்துவமனைக் கட்டடமும் நோயாளியின் உறவினரும்

மருத்துவமனைத் திட்டம் ஒன்று ஒப்புதலுக்கு வரும்போது முதலில் எழும் கேள்வி, "படுக்கைகள் எத்தனை?" என்பதே. படுக்கை ஒன்றுக்கு ஆகும் செலவைக் கொண்டே மதிப்பீடு தயாராகிறது. ஆனால் நம் நாட்டில் நோயாளி தனியே வருவதில்லை. உடன்வரும் தாயோ மனைவியோ மகனோ அந்தக் கணக்கில் இடம்பெறுவது அரிது.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனமான நிம்ஹான்ஸ் இங்கே கருதத்தக்கது. மைசூர் அரசின் மனநல மருத்துவமனையும் 1954இல் தோன்றிய அகில இந்திய மனநல நிறுவனமும் 1974இல் இணைந்து அது உருவாயிற்று. மனநோயாளியைக் குடும்பத்தினின்று பிரித்து மதிலுக்குள் வைப்பதே பழைய காப்பகங்களின் முறை; கட்டடமும் அதற்கேற்பவே அமைந்தது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரங்கள் அடித்து, உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். மாற்றத்துக்குத் தேவைப்பட்டது சில கூடாரங்களே என்பது திட்டமிடுவோர் நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் வேலூரிலும் நிம்ஹான்ஸிலும் குடும்பத்தோடு தங்கிச் சிகிச்சை பெறும் ஏற்பாடு வேரூன்றியது. உடன் தங்குபவர் மருந்தின் அளவையும், நோய் மீளும் அறிகுறிகளையும் கற்றுக்கொள்கிறார். வீடு திரும்பிய பின்னும் சிகிச்சை தொடர்கிறது.

பொது மருத்துவமனைகளிலோ, மருந்து வாங்குவதும் இரத்த மாதிரியை ஆய்வகத்துக்குக் கொண்டு செல்வதும் பெரும்பாலும் உறவினரின் பணியே. இரவில் அவர் படுப்பது தாழ்வாரத்தில். மருந்தகம் ஒரு மூலையிலும் ஆய்வகம் மற்றொரு மாடியிலும் இருந்தால், அலைச்சல் முழுவதும் அவருக்கே. இவற்றை அருகருகே அமைப்பதற்குத் தனிச் செலவு ஏதுமில்லை. வரைபட நிலையிலேயே முடிவு செய்தால் போதும்.

சன்னலும் அத்தகையதே. அமெரிக்காவில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரை ஒப்பிட்டு ரோஜர் உல்ரிச் 1984இல் ஆய்வு முடிவு வெளியிட்டார். மரங்களைக் காணும் அறையில் இருந்தோர், செங்கற்சுவரையே கண்டிருந்தோரைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடுமையான வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன.

எனினும் உறவினர் தங்குவதை எல்லோர்க்கும் விதியாக்குவது பொருந்தாது. நாட்கூலி பெறும் குடும்பத்தில் ஒருவர் மருத்துவமனையில் தங்கினால் அன்றைய வருவாய் போயிற்று. உடன்வர எவருமற்ற நோயாளிகளும் உளர். அவர்களுக்குக் கூடுதல் செவிலியரும், செவிலியர் மேசையிலிருந்து நேரே பார்வைபடும் படுக்கைகளும் வேண்டும். அதற்கான தொகை முதல் மதிப்பீட்டிலேயே இடம்பெற வேண்டியதாகும்.