மழைக்கு முன்னால் கட்டவேண்டிய பை

(தோட்டக் கமிட்டிக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



மழைக்காலம் வந்தால் கூரைத் தகரத்துக்குக் கல் வைக்கிறோம். விறகை உள்ளே அடுக்குகிறோம். மெழுகுதிரி வாங்கி வைக்கிறோம். இதையெல்லாம் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாம் மறந்துவிடும் மூன்று விடயங்களைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

முதலாவது, பத்திரங்கள்.

ஒரு பெருமழையில் எங்கள் பாடசாலைக்குப் பக்கத்து லயத்தில் தண்ணீர் புகுந்தது. எல்லோரும் இரவோடு இரவாகப் பாடசாலைக்கு வந்தார்கள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. சில மாதம் கழித்து, சாதாரண தரப் பரீட்சைக்காக ஒரு மாணவிக்கு அடையாள அட்டை விண்ணப்பம் நிரப்பும்போதுதான் பிறப்புச் சான்றிதழ் இல்லையென்று தெரிந்தது. “டிவியைத் தூக்கிட்டு ஓடினோம் டீச்சர், கட்டிலுக்கு அடியில இருந்த பெட்டிய மறந்துட்டோம்” என்று தாய் அழுதார். பதிவு இலக்கம் தெரியாததால் பழைய புத்தகங்களில் தேட வேண்டியிருந்தது. பிரதேச செயலகத்துக்கு மூன்று நாள் அலைந்தார். மூன்று நாள் சம்பளமும் போனது.

பத்திரம் இல்லாததன் வலி நமக்குப் புதிதல்ல. 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பன் வழி முன்னோர் இங்கே பிறந்ததை நிரூபி என்றது. நிரூபிக்க முடியாமல் இலட்சக்கணக்கான நம்மவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை அந்தப் பிரச்சினை இழுபட்டது. அப்படிப் பெற்ற பத்திரத்தை ஓர் இரவு மழைக்குக் கொடுக்கலாமா?

அதனால் தடித்த பொலித்தீன் பை இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். அடையாள அட்டை, பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சேமலாப நிதி இலக்கம் உள்ள சம்பளச் சீட்டு, வீடு காணிப் பத்திரம், பிள்ளையின் கிளினிக் அட்டை எல்லாம் அதற்குள் இருக்கட்டும். பையைக் கதவுக்குப் பக்கத்தில் உயரமாக மாட்டுங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து, கொழும்பில் வேலை செய்யும் மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். அப்போதே பெயரையும் பாருங்கள். ஒரு பத்திரத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் எழுதியிருந்தால் இப்போதே சங்கத்துக்குச் சொல்லுங்கள். சேமலாப நிதி எடுக்கப் போகும் நாளில் அது பெரிய தலைவலியாகும்.

இரண்டாவது, மருந்து.

பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மாதாமாதம் குளிசை எடுப்பவர்கள் எத்தனை பேர் இங்கே இருக்கிறீர்கள்? முகாமுக்கு வரும் புது டொக்டருக்கு உங்கள் குளிசை எதுவென்று தெரியாது. கிளினிக் கொப்பியையும் சில நாட்களுக்கான குளிசையையும் அதே பையில் வையுங்கள். மூக்குக்கண்ணாடியை மறக்காதீர்கள். பெண்கள் மாதவிடாய்த் துணி வைப்பதில் வெட்கம் வேண்டாம். முகாமில் கேட்கத்தான் கஷ்டம்.

மூன்றாவது, பகல் நேரம்.

ஆபத்து என்றால் இரவைத்தான் நினைக்கிறோம். கொஸ்லந்த மீரியபெத்தயில் 2014 ஒக்டோபர் 29 அன்று மலை சரிந்தது காலை வேளையில். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் சிலருக்குத் திரும்பிவர வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. மண்ணுக்குள் எத்தனை பேர் என்று முதல் நாட்களில் எவராலும் ஒரே கணக்கைச் சொல்ல முடியவில்லை.

பகலில் நாம் மலையில் கொழுந்து எடுக்கிறோம். கைக்குழந்தை பிள்ளைக்காம்பராவில், பெரிய பிள்ளை பாடசாலையில், நடக்க முடியாத பாட்டி லயத்தில். யாரை யார் கூட்டிவருவது? எங்கே ஒன்றுகூடுவது? இதை இன்றிரவே வீட்டில் பேசி முடிவெடுங்கள். ஒவ்வொரு லயத்துக்கும் ஒரு பட்டியல் வேண்டும்: வீட்டில் எத்தனை பேர், நடக்க முடியாதவர் யார், அவரைத் தூக்கப்போவது யார். ஒரு பிரதி கமிட்டித் தலைவரிடம், இன்னொன்று தோட்டத்துக்கு வெளியே சங்கக் காரியாலயத்தில். என் வகுப்பில் தகப்பனின் போன் இலக்கத்தை மனப்பாடமாகச் சொன்ன பிள்ளைகளைக் கைவிரலில் எண்ணிவிடலாம். உங்கள் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

பையைத் தூக்குவது எப்போது? தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை மூன்று படி. 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். பக்கம் நேராக உள்ள டின் ஒன்றை வெளியில் வைத்து, சேர்ந்த தண்ணீரைப் பிள்ளையின் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். ஆனால் நிலம் வெடித்தாலோ, மரம் சாய்ந்தாலோ, புது ஊற்று கிளம்பினாலோ, ஊற்றுத் தண்ணீர் சேறாக வந்தாலோ, எந்த அளவுக்கும் காத்திருக்காதீர்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. அம்புலன்ஸ் வண்டிக்கு 1990.

ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்கிறேன். பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்பது நம் உரிமை. அதைக் கொடுப்பது நிர்வாகத்தினதும் அரசாங்கத்தினதும் கடமை. ஒரு பொலித்தீன் பை அதற்கு ஈடாகாது. அந்தப் போராட்டத்தை நாம் விடப்போவதில்லை. ஆனால் மழை அதுவரை காத்திருக்காது.

அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு லயத்திலிருந்தும் ஒருவர் அந்தப் பட்டியலோடு வாருங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நான் எழுதித் தருகிறேன்.